கரையான் புற்றும் கலிபோர்னியா அணிலும்

"கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல" என்று நம்மூரில் ஒரு பழமொழி உண்டு. கஷ்டப்பட்டுக் கட்டியவன் ஒருத்தன், அனுபவிப்பவன் இன்னொருத்தன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் இதை எடுத்து விடுவோம். கரையானுக்காகப் பரிதாபப்படுவோம், பாம்பைத் திட்டுவோம். அதுதான் வழக்கம்.

நான் சொல்லப்போவதும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஆனால் இதில் கட்டியவனை ஊரே கூடி விஷம் வைத்துக் கொன்றது. குடிபுகுந்தவனைக் காப்பாற்றப் பிற்பாடு சட்டம் போட்டார்கள். இரண்டும் நடந்தது ஒரே இடத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் விலங்கியலுக்கும் பதினோராம் வகுப்பில் காமர்ஸ் குரூப் எடுத்த அன்றே உறவு முறிந்துவிட்டது. முதல் உலகப்போர் காலத்து விளம்பரங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சுவரொட்டி கண்ணில் பட்டது. ஜெர்மன் ராணுவத்தின் கூர்முனை வைத்த தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஒரு அணில் நின்றது! கார்ட்டூன் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த உத்தரவு என்று. அந்த அணிலைப் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரு அபூர்வமான இருவாழ்வியிடம் போய் நின்றேன்.

யார் இந்த இருவர்?

ஒருவர், கலிபோர்னியா தரை அணில். முதுகில் மூன்று கோடு போட்ட நம்மூர் அணிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது அதைவிட நன்றாகவே பெரியது. பழுப்பும் சாம்பலும் கலந்த உடம்பில் வெளிர் புள்ளிகள். மரம் ஏறத் தெரியும், ஆனால் வீடு மண்ணுக்குள். 1826-ல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பலில் வந்த பீச்சி என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தலைவரின் பெயரை 1829-ல் இதற்கு வைத்தார்கள். இன்றும் இதன் அறிவியல் பெயரில் அவர் இருக்கிறார்.

இது கூட்டமாக வாழும் பிராணி. வளையின் வாய் சுமார் 10 சென்டிமீட்டர் அகலம். உள்ளே போனால் ஒன்றரை மீட்டரிலிருந்து ஒன்பது மீட்டருக்கும் மேலே நீளும். வருஷத்துக்கு ஒரு ஈற்று, அதில் சராசரியாக ஏழெட்டுக் குட்டிகள். வயல் ஓரம், சாலை ஓரம், பூங்கா, ஏரிக்கரை என்று எங்கே பார்த்தாலும் இருக்கும்.

இன்னொருவர், கலிபோர்னியா புலி சாலமாண்டர். பார்த்தால் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் பல்லி இல்லை. செதில் கிடையாது, ஈரமான வழவழப்பான தோல். தவளைக்குத்தான் உறவு. சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளிகள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஜான் எட்வர்ட் கிரே 1853-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். கலிபோர்னியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது இயற்கையாகக் கிடையாது.

இதன் வாழ்க்கை முறை ரொம்ப விசித்திரம். வருஷத்தில் பெரும்பகுதியை மண்ணுக்கு அடியிலேயே கழிக்கும். நவம்பர் வாக்கில் மழை ஆரம்பித்ததும், மழை பெய்யும் இரவுகளில் மட்டும் வெளியே வந்து குட்டைகளை நோக்கி நடக்கும். சில சமயம் ஒரு கிலோமீட்டருக்கும் மேலே! அந்தக் குட்டைகள் மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் வற்றிவிடுபவை. வற்றிவிடுவதால் அதில் மீன் இருக்காது. மீன் இல்லாததால் முட்டையும் குஞ்சும் பிழைக்கும். குஞ்சுகள் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வளர்ந்து, தண்ணீர் வற்றுவதற்குள் தரைக்கு ஏறியாக வேண்டும். அதன் பிறகு இனப்பெருக்கம் செய்யும் வயது வரவே நாலைந்து வருஷம் ஆகும். பத்து வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தாலும், வாழ்நாளில் சராசரியாக ஒன்றிரண்டு முறைதான் முட்டையிடும்.

இப்போது முக்கியமான விஷயம். மண்ணுக்கு அடியில் வாழும் இந்த சாலமாண்டருக்கு வளை தோண்டத் தெரியாது! கோடை முழுக்க அது ஈரமான தோலைக் காப்பாற்றிக்கொண்டு ஒளிந்திருப்பது தரை அணிலும், கோஃபர் என்ற இன்னொரு மண் தோண்டும் பிராணியும் தோண்டிவைத்த வளைகளில்தான்.

இரண்டுக்கும் சண்டை கிடையாது. அணில் பகல் ஷிஃப்ட், சாலமாண்டர் நைட் ஷிஃப்ட். அணில் முக்கியமாக விதையும் தழையும் தின்னும், சாலமாண்டர் பூச்சியும் புழுவும் தின்னும். வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஹவுஸ் ஓனர் கிடைப்பாரா? :-)

1908: அணில் மேல் விழுந்த முதல் வழக்கு

பிளேக் நோய் 1894-ல் ஹாங்காங்கிலும் 1896-ல் பம்பாயிலும் பரவியது. நம் பக்கத்தையும் அது விடவில்லை. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, அந்தப் பயம் எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அதே அலை 1900-ல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. 1904 வரை நீடித்த அந்த முதல் பரவலில் 119 பேர் இறந்தார்கள். வியாபாரம் கெட்டுப்போகும் என்ற பயத்தில், பிளேக்கே இல்லை என்று மாநில ஆளுநர் ஹென்றி கேஜ் சாதித்தார் என்பது தனிக்கதை.

1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு 1907-ல் பிளேக் மறுபடி வந்தது. இந்த முறை எலிகளை ஒழிப்பதில் இறங்கினார்கள். ஆனால் அதற்குள் நோய் ஊரைத் தாண்டிவிட்டது. 1908-ல், சான் பிரான்சிஸ்கோவுக்கு விரிகுடாவின் அக்கரையில் உள்ள காண்ட்ரா காஸ்டா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தரை அணில்களிடம் பிளேக் இருப்பது உறுதியானது.

அணிலுக்கு இது கப்பலில் வந்த நோய். எலியும் தெள்ளுப்பூச்சியும் கொண்டுவந்து கொடுத்தவை. ஆனாலும் அன்றிலிருந்து அணில் "நோய் பரப்பும் பிராணி" என்ற பட்டியலில் ஏறிவிட்டது. அதற்கு முன்பே விவசாயிகளுக்கு அது எதிரி. 1870-களிலும் 80-களிலும் கலிபோர்னியாவின் நடுச் சமவெளி பெரிய கோதுமை வயலாக மாறியிருந்தது. தானியம் தின்னும் பிராணிக்கு அதைவிடப் பெரிய விருந்து வேறென்ன இருக்கிறது?

1918: அணில் வாரம்

அமெரிக்கா 1917 ஏப்ரலில் முதல் உலகப்போரில் இறங்கியது. "உணவுதான் போரை வெல்லும்" என்ற பிரச்சாரம் நாடு முழுக்க நடந்தது. கலிபோர்னியாவின் தோட்டக்கலை ஆணையர் ஜார்ஜ் ஹெக்கே ஒரு கணக்குப் போட்டார். தரை அணில்கள் வருஷத்துக்கு 3 கோடி டாலர் மதிப்புள்ள உணவையும் தீவனத்தையும் தின்று தீர்க்கின்றன என்றார். அப்படியானால் அணிலும் எதிரிப் படைதானே? 1918 ஏப்ரல் 29 முதல் மே 4 வரை "அணில் வாரம்" அறிவிக்கப்பட்டது. போர்வீரர்களாக அழைக்கப்பட்டவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

நான் பார்த்த சுவரொட்டி அப்போது வந்ததுதான். அணிலுக்கு ஜெர்மன் தலைக்கவசம் மாட்டிப் படம் போட்டார்கள். பார்லியில் ஸ்ட்ரிக்னைன் தடவி வளை அருகே தூவச் சொன்னார்கள். ஸ்ட்ரிக்னைன் என்பது வேறொன்றும் இல்லை, நம்மூர் எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே நஞ்சுதான். கொன்றதற்கு அத்தாட்சியாக வாலை வெட்டிப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். அதிகம் கொன்ற பள்ளிகளுக்குப் பரிசுப் பணமும் உண்டு. வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்ததில் 1,04,509 வால்கள் சேர்ந்திருந்தன. விஷம் தின்றுவிட்டு வளைக்குள்ளேயே செத்தவை இந்தக் கணக்கில் வராது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளைகளைத் திட்டவும் மனசு வரவில்லை. எங்கள் ஊரில் அறுவடை சமயத்தில் வரப்பில் எலிக்கு மருந்து வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு மூட்டை நெல் போனாலும் அது யார் தலையில் விழும் என்று தெரியும். அணில் பயிரைத் தின்றது பொய்யில்லை, பிளேக்கும் பொய்யில்லை. நான் கேட்பது வேறு. ஹெக்கே போட்ட கணக்கில் செலவு பக்கம் மட்டும்தான் இருந்தது. அணிலால் வரவு ஏதாவது உண்டா என்று அந்த 3 கோடிக்கு எதிரே யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

எழுதிப் பார்த்த ஒருவர்

உண்மையில் ஒருவர் எழுதிப் பார்த்தார். பெர்க்லியில் உள்ள முதுகெலும்பு விலங்கியல் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னெல். அந்த அருங்காட்சியகம் தொடங்கப்பட்டதும் 1908-ல்தான்.

அணில் வாரம் நடந்த அதே 1918-ல், கிரின்னெலும் ஜோசப் டிக்ஸன் என்பவரும் சேர்ந்து கலிபோர்னியாவின் தரை அணில்களைப் பற்றி விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். வெளியிட்டது எது தெரியுமா? ஹெக்கேயின் அதே தோட்டக்கலை ஆணையம்! எதிரியை ஒழிக்க வேண்டுமென்றால் முதலில் அவனைத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

ஐந்து வருஷம் கழித்து, 1923-ல், அதே கிரின்னெல் இன்னொரு கட்டுரை எழுதினார். மண் தோண்டும் கொறிவிலங்குகள் மண்ணை எப்படி உருவாக்குகின்றன என்பதுதான் தலைப்பு. அடியில் இருக்கும் மண்ணை மேலே கொண்டுவருகின்றன, மழைத்தண்ணீரைத் தரைக்குள் இறங்கவிடுகின்றன, செடிகொடிகளை மண்ணோடு கலந்து உரமாக்குகின்றன. பயிர் நிலத்தில் இவை தொல்லையாக இருக்கலாம், ஆனால் காட்டு நிலத்துக்கு இவை தேவை என்பது அவர் சொன்னதன் சாரம். ஒரே பிராணிக்கு இரண்டு பக்கமும் எழுதிய முதல் பேரேடு இதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் விஷத் தானியம் தூவுவது அதனால் நின்றுவிடவில்லை. பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

18 மாதம்

இனி சாலமாண்டர் பக்கம் போவோம். இருபதாம் நூற்றாண்டில் அதற்கு மூன்று பக்கமும் அடி. மழைக்காலக் குட்டைகளை நிரவி வயலாக்கினார்கள், வயலைப் பிறகு வீட்டு மனையாக்கினார்கள். இது முதல் அடி, பெரிய அடியும் இதுதான். இரண்டாவது, தூண்டில் புழுவுக்குப் பதிலாக சாலமாண்டர் குஞ்சுகளை விற்கும் வியாபாரிகள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் டெக்சாஸ் பக்கத்திலிருந்து வேறு ஜாதி சாலமாண்டரைக் கொண்டுவந்து சலீனஸ் பள்ளத்தாக்குக் குட்டைகளில் விட்டார்கள். அவை உள்ளூர் இனத்தோடு கலந்து, அந்தப் பக்கத்தில் அசல் இனமே தேடவேண்டியதாகிவிட்டது. மூன்றாவது, வளை கட்டிக்கொடுத்தவனையே ஒழிப்பது.

இந்த மூன்றாவதை ஒரு எண்ணால் காட்டிய ஆய்வு 1996-ல் வெளிவந்தது. இடம், காண்ட்ரா காஸ்டா கவுண்டியில் இருந்த கான்கார்ட் கடற்படை ஆயுதக் கிடங்கு. கவனித்தீர்களா? 1908-ல் பிளேக் பிடித்த அணில்கள் அகப்பட்ட அதே கவுண்டி. குட்டையிலிருந்து கிளம்பும் சாலமாண்டர்கள் எங்கே போகின்றன என்று ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். அவை போய் ஒளிந்தது பெரும்பாலும் தரை அணில் வளைகளில். அணில் இல்லாமல் போன வளைகள் என்ன ஆகின்றன என்பதும் தெரிந்தது. 18 மாதத்துக்குள் அவை இடிந்து மூடிக்கொண்டன!

பி.காம். படிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கட்டடம் என்றால் தேய்மானம் உண்டு, பராமரிப்புச் செலவு உண்டு. இங்கே தினம் தினம் பராமரிப்பது அணில். அணிலை எடுத்துவிட்டால் ஒன்றரை வருஷத்தில் அந்தச் சொத்தின் புத்தக மதிப்பு பூஜ்யம். சாலமாண்டருக்கோ இனப்பெருக்க வயது வரவே நாலைந்து வருஷம் வேண்டும். அது பெரியதாகி முதல் முறை குட்டைக்கு நடப்பதற்குள் வீடு இரண்டு மூன்று முறை இடிந்துபோகும் கணக்கு. அதாவது சாலமாண்டரைத் தொடாமலேயே, அதைப் பற்றிக் கேள்விப்படாமலேயே, அதை ஒழித்துவிட முடியும்.

சட்டம் வந்தது, பாதிக்கு

அமெரிக்காவின் அழியும் உயிரினங்கள் சட்டம் 1973-ல் வந்தது. சாண்டா பார்பரா பகுதியில் வாழும் புலி சாலமாண்டர்களை 2000-லும், சொனோமா பகுதியில் உள்ளவற்றை 2003-லும் அழியும் தறுவாயில் உள்ளவை என்று அறிவித்தார்கள். 2004-ல் மத்திய கலிபோர்னியாவில் உள்ளவற்றை "ஆபத்தில் உள்ளவை" என்ற ஒரு படி கீழான பட்டியலில் சேர்த்தார்கள். கூடவே முதல் இரண்டையும் அந்தக் கீழ்ப் பட்டியலுக்கு இறக்கப் பார்த்தார்கள். 2005-ல் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. 2010-ல் மாநிலச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைத்தது.

இதன் விளைவுகள் சுவாரஸ்யமானவை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் லகுனீட்டா என்று ஒரு ஏரி இருக்கிறது. லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் குதிரைப் பண்ணை வைத்திருந்த காலத்தில் தண்ணீர் தேக்கக் கட்டியது. அங்கே சாலமாண்டர்கள் முட்டையிடுகின்றன. பெரிய கால்பந்து ஆட்டத்துக்கு முன்னால் அந்த வற்றிய ஏரியில் மாணவர்கள் சொக்கப்பனை மாதிரி பெரிய தீ மூட்டிக் கொண்டாடுவது நெடுநாள் வழக்கம். 1990-களில் சாலமாண்டருக்காக அதை நிறுத்தினார்கள். சாலையைக் கடக்கும்போது கார் சக்கரத்தில் நசுங்காமல் இருக்க, சாலைக்கு அடியில் சின்னச் சின்னச் சுரங்கப் பாதையும் போட்டுக்கொடுத்தார்கள். நம் காலேஜில் ஒரு பல்லிக்காக ஆண்டு விழா நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். :-)

மேய்ச்சல் நில உரிமையாளர்களுக்கு 2004 விதியில் ஒரு விலக்கு கொடுத்தார்கள். மாடு தண்ணீர் குடிக்க அவர்கள் வெட்டிய குட்டைகள்தான் பல இடங்களில் அழிந்துபோன இயற்கைக் குட்டைகளுக்குப் பதிலாக சாலமாண்டருக்கு உதவுகின்றன. அதனால் வழக்கமான பண்ணை வேலைகளுக்குத் தடை இல்லை. வீடு கட்டும் கம்பெனிகள் சாலமாண்டர் நிலத்தை எடுத்தால், அதற்கு ஈடாக வேறு நிலத்தைப் பாதுகாக்கப் பணம் கொடுக்க வேண்டும். இதற்கென்றே நிலத்தைப் பாதுகாத்துக் "கிரெடிட்" விற்கும் "வங்கிகள்" இருக்கின்றன. ஒரு சாலமாண்டருக்கு இப்போது பண மதிப்பு வந்துவிட்டது என்று சொல்லலாம்.

சரி, அணிலுக்கு? பயிரைச் சேதப்படுத்தினால் நில உரிமையாளர் அதைக் கொல்லலாம் என்பதுதான் இன்றும் கலிபோர்னியாவின் பொது விதி. சாலமாண்டர் வாழும் பகுதிகளில் எந்த விஷத்தை எப்படி வைக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் வந்திருக்கின்றன. அவையும் சாலமாண்டருக்காக வந்தவை, அணிலுக்காக அல்ல.

கணக்கு நேர் ஆகிறதா?

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். எது அபூர்வமோ அதற்கு மதிப்பு, எது நிறைய இருக்கிறதோ அது தொல்லை என்று நாம் பழகிவிட்டோம். எகனாமிக்ஸ் வகுப்பில் தண்ணீர்–வைரம் புதிர் என்று நடத்துவார்களே, அதேதான். உயிர் வாழத் தண்ணீர் வேண்டும், ஆனால் விலை வைரத்துக்கு. இங்கே சாலமாண்டர் வைரம், அணில் தண்ணீர்.

ஆனால் அபூர்வமான ஒன்று உயிரோடு இருப்பதே சாதாரணமான ஒன்று நிறைய இருப்பதால்தான் என்றால்? அணில் இனம் அழியவில்லை, அழியப்போவதும் இல்லை. கலிபோர்னியா முழுக்க லட்சக்கணக்கில் இருக்கிறது. சாலமாண்டருக்கு அது போதாது. அது முட்டையிடும் அந்தக் குறிப்பிட்ட குட்டைக்குப் பக்கத்தில், நடந்து போகும் தூரத்தில், உயிரோடு தோண்டிக்கொண்டிருக்கும் அணில்கள் வேண்டும். அந்தக் கூட்டம் மட்டும் போனாலே போதும், மாநிலத்தில் மிச்சமுள்ள அணில் எல்லாம் சேர்ந்தும் அந்தக் குட்டையின் சாலமாண்டரைக் காப்பாற்ற முடியாது.

1918-ல் வாலை எண்ணினார்கள், 2000-க்குப் பிறகு சாலமாண்டரை எண்ணினார்கள். வளையை எண்ணியவர்கள் ரொம்பக் குறைவு. என் பார்வையில் அந்த வளைதான் உண்மையான சொத்து. கட்டியவன் பெயரிலும் இல்லாமல், குடியிருப்பவன் பெயரிலும் இல்லாமல், எந்தக் கணக்கிலும் ஏறாமல் நூறு வருஷமாக அது இடிந்துகொண்டும், திரும்பக் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கிறது.

நம் பழமொழிக்கே திரும்ப வருகிறேன். கரையானுக்காகப் பாம்பைத் திட்டும் நாம், கரையானைப் பார்த்தால் என்ன செய்கிறோம்? மருந்துதான் அடிக்கிறோம். அடுத்த முறை எங்கள் ஊர் வரப்பில் எலிக்கு மருந்து வைக்கும்போது, வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு வராது, சொல்லவும் மாட்டேன். நெல் நெல்தான். ஆனால் அந்த வளையில் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு முறை குனிந்து பார்ப்பேன். அதற்குச் செலவு ஒன்றும் இல்லையே.